சட்டை போட்ட படம்

புகைப்படம் எடுப்பவர்கள் மனிதர்களைக் கூர்ந்து கவனிப்பவர்கள் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஏழு வருடம் அவர்களோடு சுற்றியவன் சொல்கிறேன், அப்படி எதுவும் இல்லை. வெளிச்சத்தைக் கவனிப்பார்கள். பின்னணியைக் கவனிப்பார்கள். பக்கத்தில் நிற்பவன் என்ன லென்ஸ் மாட்டியிருக்கிறான் என்பதைக் கட்டாயம் கவனிப்பார்கள். எதிரே நிற்கிற ஆள் மட்டும் அவர்கள் கண்ணில் படமாட்டார்.

நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை செய்கிறேன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது. கல்யாணம் ஆகவில்லை. செந்தூலில் ஒரு அடுக்குமாடியில், ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. கேமரா வாங்கியதற்கு உண்மையான காரணம் அதுதான். விசேஷ வீட்டில் கேமராவோடு நிற்பவனிடம் யாரும் எப்போது கல்யாணம் என்று கேட்பதில்லை. எங்கள் பக்கமும் ஒன்று எடுங்கள் என்பார்கள். எடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பிறகு ஒரு புகைப்படக் கழகத்தில் சேர்ந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் மாதத்தின் முதல் ஞாயிறு கூடுவோம். இருபது பேர் வருவார்கள், எல்லாரும் நம்மவர்கள். தலைவர் காப்புறுதி நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். வெளிநாட்டுப் போட்டிகளில் இத்தனை படம் தேர்வானால் இந்த எழுத்து, இன்னும் இத்தனை தேர்வானால் இன்னொரு எழுத்து என்று சேர்த்துக்கொண்டே போகலாம். அவருக்கு அடுத்த இடத்தில் ஒரு பல் டாக்டர். கேமராவையும் லென்ஸ்களையும் சக்கரம் வைத்த பெட்டியில் இழுத்துக்கொண்டு வருவார். அந்தப் பெட்டி பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைக் கற்களில் கடகடவென்று வரும் சத்தம் கேட்டால் கூட்டம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம்.

கூட்டத்தில் படங்களைத் திரையில் போட்டுப் பத்துக்கு மார்க் கொடுப்பார்கள். அதற்குச் சில சட்டங்கள் இருந்தன. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் மனப்பாடம். படத்தில் பிளாஸ்டிக் தெரியக்கூடாது. கைப்பேசி, கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி தெரியக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டை தெரியக்கூடாது. சட்டை வந்தால் காலம் தெரிந்துவிடும் என்பார் தலைவர். ஒரு முறை ஒரு உறுப்பினர் கிள்ளான் மீன் சந்தையில் எடுத்த நல்ல படம் ஒன்றைக் கொண்டு வந்தார். மீன் வெட்டுகிறவரின் பனியனில் ஒரு கைப்பேசி நிறுவனத்தின் சின்னம் இருந்தது என்பதற்காகப் பத்துக்கு நாலு கொடுத்தார்கள். அவர் பாவம், அடுத்த மாதம் அந்தச் சின்னத்தைக் கணினியில் அழித்துவிட்டு மறுபடியும் கொண்டு வந்தார். ஏழு கிடைத்தது. கைதட்டினோம்.

நிஜமான ஆட்கள் இந்தச் சட்டங்களுக்கு ஒத்துவரமாட்டார்கள் என்பதால் ஆட்களைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. ஒரு நாள் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, செந்தூலில்தானே இருக்கிறீர்கள், அங்கே நம் ஆள்கள் நிறைய இருப்பார்களே, நல்ல முகமாக ஒருவரைப் பிடியுங்கள் என்றார். பெரிய மீசை வேண்டும், சுருக்கம் வேண்டும் என்றார். கூட்டத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டதே எனக்குப் பெருமையாக இருந்தது.

என் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி ஒரு அண்ணன் இருந்தார். அறுபத்தைந்தைத் தாண்டியவர். செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து, முப்பது வருடம் லோரி ஓட்டி, கடைசியில் பக்கத்துக் கொண்டோமினியம் குடியிருப்பில் காவலாளியாக வேலை செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. அவரும் அவர் மனைவியும்தான். மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அண்ணனுக்குப் பெரிய மீசை. மாதம் இரண்டு தடவை மீசைக்கும் தலைக்கும் மை பூசிக் கருகருவென்று வைத்திருப்பார். மறுநாள் போடப்போகும் சட்டையைச் சாயங்காலமே அயர்ன் செய்து கதவுப் பிடியில் தொங்கவிடுவார். தாழ்வாரத்தில் போகும்போதெல்லாம் நான் அந்தச் சட்டையைப் பார்த்திருக்கிறேன். 

நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும் சிரித்தார். "இருபது பேர் என் மூஞ்சிய எடுக்கணுமா? உங்கக்காவே இத ஒழுங்கா பார்த்து வருஷக்கணக்காச்சு தம்பி. வரேன் லா."

அடுத்த ஞாயிறு காலை வந்தார். வெளிர்நீல முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, காலில் பளபளவென்று சப்பாத்து, படிய வாரிய தலை. பிரிக்பீல்ட்ஸ் பின்சந்தில் பழைய சுவர் ஒன்றின் அருகே எங்கள் ஆட்கள் காத்திருந்தார்கள். தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னை ஓரமாக இழுத்தார். "என்னய்யா இது, பேங்க் மேனேஜர கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். வேட்டி கொண்டு வந்திருந்தார்கள், கட்டிக்கொண்டார். தலைக்கு ஒரு சிவப்புத் துண்டு. இங்கேதான் ஒரு சிக்கல். எங்கள் இருபது பேரில் ஒருவருக்கும் தலைப்பாகை கட்டத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது, அவர் ஆயுளில் கட்டியதில்லை. கடைசியில் நான்தான் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அவர் தலையில் கட்டிவிட்டேன். கட்டி முடித்ததும் ஆஹா, இதுதான் நம் மண்ணின் முகம் என்றார் பல் டாக்டர். எந்த மண் என்று நான் கேட்கவில்லை.

வாயில் ஒரு சுருட்டு வைத்தார்கள். அவருக்குப் புகைப் பழக்கம் இல்லை. இருமினார். சுருட்டுப் புகை போதவில்லை என்று சாம்பிராணி போட்டு ஒருவர் பின்னாலிருந்து விசிறினார். இருபது கேமராக்கள் மழை பெய்வது போல் சத்தம் போட்டன. இடையிடையே கொஞ்சம் சோகமாகப் பாருங்கள், வீட்டில் சாப்பாடு இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று தலைவர் குரல் கொடுத்தார். அண்ணன் காலையில் நாலு தோசை சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். இருந்தாலும் முடிந்த அளவு சோகமாகப் பார்த்தார். முடிந்ததும் அவருக்கு ஒரு பொட்டலம் நாசி லெமா சோறும் தே தாரே தேநீரும் வாங்கிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது என் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"தம்பி, சட்டையோட எடுத்தா மெஷின் வேலை செய்யாதா?"

நான் சிரித்து மழுப்பினேன்.

இரண்டு வருடத்தில் இப்படி ஐந்தாறு முறை அவரைக் கூட்டிப் போனேன். மூன்றாவது முறையிலிருந்து, வருவதற்கு ஒரு மாதம் முன்பே மை பூசுவதை நிறுத்தச் சொன்னார்கள். அவர் அதற்கும் சம்மதித்தார். வெள்ளை மீசையோடு தாழ்வாரத்தில் நடக்கக் கூச்சப்பட்டு அந்த மாதம் முழுதும் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஏன் ஒத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெளிவாகத் தெரியாது. எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். அவரை அழைத்து வருகிற ஆள் என்ற ஒரே காரணத்தால் கழகத்தில் எனக்கு நாற்காலி கிடைத்தது, என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதை அவர் பார்த்திருப்பார்.

தலைவர் எடுத்த படம் ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. தலைப்பு 'பசியின் புகை'. இந்தியக் கிராமத்து விவசாயி என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தார். அண்ணன் இந்தியாவுக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறார், அதுவும் சுற்றுலாவாக, ஏர்கான் பஸ்ஸில்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்ப சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் வைக்கப் படம் தேடினார்கள். அடையாள அட்டையில், ஐசியில், இருந்த படத்தைப் பெரிதாக்கிக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து வைத்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எடுத்தது, அப்போது மஞ்சள் காமாலை வந்து தேறியிருந்த சமயம். கன்னம் ஒட்டி, மீசை இல்லாமல், புள்ளி புள்ளியாக, அக்காவே சொன்னது போல, போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தார்.

ஐந்தாம் நாள் அக்கா என் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்றார். வீட்டில் கல்யாணப் படம் இருக்கிறது, அதில் அவருக்கு இருபத்தாறு வயது. மற்ற விசேஷங்களில் எடுத்த படங்களில் ஷிப்ட் காரணமாக அவர் இல்லை, இருந்தால் பின்வரிசையில் பாதித் தலை இருக்கிறது. அவர் கைப்பேசியில் முழுக்கக் கொண்டோமினியத்தில் தவறாக நிறுத்திய கார்களின் நம்பர் பிளேட்.

"நீங்கல்லாம் அவர எத்தன வாட்டி எடுத்தீங்க. இருபது கேமரா. சட்டை போட்டு ஒண்ணு இருக்கும்ல தம்பி? அத ஹால்ல மாட்டிட்டா, இனிமே நான் பார்க்கப்போற மொகம் அதுதானே."

இருக்கும் அக்கா, கொண்டு வரேன் என்று சொன்னேன்.

அன்று சாயங்காலமே என் கணினியைத் திறந்தேன். அண்ணன் பெயரில் தனிக் கோப்பு வைத்திருந்தேன். நானூற்றுச் சொச்சம் படங்கள். எல்லாவற்றிலும் தலைப்பாகை, சுருட்டு, புகை. சிரித்த மாதிரி ஒன்றுகூட இல்லை. சிரித்தால் அங்கேயே அழித்துவிடுவோம், சோகம் கெட்டுவிட்டது என்று. கீழே போகப் போக எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டாவது முறை அவரைக் கூட்டிப் போகும்போது, லிப்ட்டுக்குக் காத்திருந்தபோது, சட்டை காலரைச் சரிசெய்துகொண்டு, சும்மா ஒண்ணு எடு தம்பி, அக்காட்ட காட்டுறேன் என்றார். எடுத்தேன். அவரைத் திருப்திப்படுத்த எடுத்தேன். தாழ்வாரத்துக் குழல்விளக்கு வெளிச்சம், பின்னால் யாரோ காயப்போட்ட துணி, முகத்தில் பச்சை அடித்தது. லிப்ட் ஒன்பதாவது மாடியிலிருந்து கீழே போவதற்குள் அழித்துவிட்டேன். கார்டில் இடம் வேண்டும் என்று. அந்தக் கார்டில் அன்று முழுவதும் எடுத்தாலும் மிஞ்சுகிற அளவு இடம் இருந்தது.

அவர் பிறகு அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். அண்ணன் இறந்த செய்தியை நான் ஏற்கெனவே போட்டிருந்தேன், அதற்குப் பூங்கொத்து, கும்பிடும் கை, அழும் முகம் என்று எல்லாப் பொம்மைகளும் வந்திருந்தன. தலைவர் அவருடைய பதக்கப் படத்தைப் போட்டு, எங்கள் கழகத்தின் பொக்கிஷம் மறைந்தது என்று எழுதி, மூலையில் தன் பெயரையும் மறக்காமல் வைத்திருந்தார். இப்போது, சட்டையோடு, முகம் தெரிகிற மாதிரி, ஏதாவது ஒன்று இருந்தால் அனுப்புங்கள், அவர் மனைவி கேட்கிறார் என்று எழுதினேன். இத்தனை நீளமாக அந்தக் குழுவில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

வந்தவற்றைச் சொல்கிறேன். ஒருவர் முதுகை அனுப்பினார், தோள்பட்டையில் வெயில் விழுந்த முதுகு. இன்னொருவர் பாதங்களை அனுப்பினார். குதிகால் வெடிப்பு நன்றாகத் தெரிகிறது, தெளிவு எப்படி என்று வேறு கேட்டிருந்தார். மூன்றாமவர் புகையை அனுப்பினார், அதற்குள் எங்கோ ஆள் இருப்பதாக நம்ப வேண்டும். பல் டாக்டர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் அனுப்பியது ஒரு கண்ணும் பாதி மீசையும். அந்தக் கண்ணில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது, அதைப் பெரிதாக அடித்து மாட்டச் சொல்லுங்கள் என்றார். அவர் மனைவிக்கு இரண்டு கண்ணும் வேண்டும் டாக்டர் என்று சொல்ல வாய் வரை வந்தது. நன்றி டாக்டர் என்று வைத்துவிட்டேன்.

இருபது பேர், இரண்டு வருடம். தலைப்பாகையும் புகையும் இல்லாமல் ஒரு மனிதனின் முழு முகம் யாரிடமும் இல்லை. துண்டு துண்டாக எடுத்துப் போயிருந்தார்கள்.

பதினோராம் நாள் தலைவரே ஒன்று அனுப்பினார். கவலை வேண்டாம், எல்லாம் இப்போது ஏஐ பார்த்துக்கொள்ளும் என்று குறிப்பு. பதக்கப் படத்திலிருந்து தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, முடி வைத்து, மீசைக்குக் கறுப்படித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புன்னகையை வைத்திருந்தது இயந்திரம். பல் வரிசை பிரமாதமாக இருந்தது. அண்ணனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், லோரியில் சாமான் ஏற்றும்போது உடைந்தது. காதுகூட வேறு யாருடையதோ.

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. கைப்பேசியில் அக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"நல்ல மனுஷனா தெரியுறாரு," என்றார். "யாரு தம்பி இவரு?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை கூடாது என்ற சட்டம், சிரித்தால் அழிப்பது, லிப்ட்டில் நான் அழித்த படம். கடைசியில் அக்கா, தலைப்பா கட்டிவிட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அந்தத் துண்டின் சாயம் அவர் காதோரம் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை, சோப்புப் போட்டுத் தேய்த்தேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு, ஐசி படத்தையே வைத்துவிடலாம், விடுங்கள் என்றார்.

மறுநாள் ஸ்டோரில் வேலை செய்யும்போது கழுத்தில் தொங்கிய என் பாஸ் சாமான் அடுக்கில் மாட்டிக்கொண்டது. அதைக் கழற்றும்போதுதான் தோன்றியது. காவலாளிகளுக்கும் கழுத்தில் படம் ஒட்டிய பாஸ் உண்டு, அதற்கு எடுத்த படம் நிறுவனத்தில் இருக்கும். அண்ணன் வேலை செய்த காவல் நிறுவனத்தின் அலுவலகம் ஷா ஆலமில்தான், என் தொழிற்சாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். ஆளில்லாத ஒரு படிக்கட்டு ஏறி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, என்ன சொல்வது என்று மனதுக்குள் மூன்று முறை மலாயில் சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தது முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண். நான் பாதி சொல்வதற்குள் அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. இறந்தது அவளுக்குத் தெரியும், முதலாளியோடு சாவு வீட்டுக்கு வந்தும் போயிருக்கிறாள். உள்ளே போய் முதலாளியைக் கேட்டுவிட்டு வந்து, தன் கைப்பேசியை எடுத்து மேலே மேலே தள்ளினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதுவா பாருங்கள் என்று நீட்டினாள்.

வெளிர்நீலச் சட்டை, காவலாளிச் சீருடை. படிய வாரிய தலை. மை பூசிய மீசை, அன்று காலைதான் பூசியிருக்க வேண்டும், மேலுதட்டு ஓரத்தில் கொஞ்சம் பட்டிருந்தது. நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு, உடைந்த பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று முறை எடுக்க வைத்தார் என்றாள் அந்தப் பெண். முதல் முறை எடுத்ததும் வாங்கிப் பார்த்துவிட்டு, தலை சரியில்லை என்று கழிவறைக்குப் போய் வாரிக்கொண்டு வந்தாராம். அடுத்ததில், நீ சிரிக்கச் சொல்லவே இல்லையே என்று அவளையே குறை சொன்னாராம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளைச் சுவர். ஓரத்தில் தீயணைப்புக் குப்பியின் சிவப்பு. நேர்நடுவில் ஆள். நிழலே இல்லாத வெளிச்சம். எங்கள் கழகத்தில் அதற்குப் பத்துக்கு இரண்டு கொடுத்திருப்பார்கள், அந்த இரண்டும் எடுத்தவள் பெண் என்பதற்காக. புகைப்படக் கலை பற்றி ஒரு வார்த்தை தெரியாத ஒருத்தி, கைப்பேசியில், வேலைக்கு நடுவே, ஒரு பாஸுக்காக எடுத்தது. அவள் செய்த ஒரே விஷயம், அவர் எப்படி நிற்க வந்தாரோ அப்படி நிற்க விட்டது. அதை எங்களில் ஒருவரும் ஏழு வருடத்தில் செய்து நான் பார்த்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக்கினேன். கடைக்காரர் வழக்கம்போல முகத்தை வெள்ளையாக்கி, உதட்டோர மையைத் துடைத்து, பல்லைச் சரிசெய்து தருகிறேன் என்றார். குப்பியை மட்டும் வெட்டிவிடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

பதினான்காம் நாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காகிதத்தைப் பிரித்ததும் அக்கா உட்கார்ந்துவிட்டார். முதலில் அழவில்லை. முந்தானையால் படத்தின் கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்தார், தூசி எதுவும் இல்லாத இடத்தைத் துடைத்தார். "மைய பாரு, ஒதட்டுல ஒட்டிக்கிட்டு. எத்தன வாட்டி சொன்னேன், கண்ணாடி பார்த்துப் பூசுங்கன்னு." அதற்குப் பிறகுதான் அழுதார்.

பதினாறாம் நாள் காரியம் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் நடந்தது. படத்துக்குச் சந்தன மாலை போட்டு நடுவில் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று, அப்படியே இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைத் தவிர ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேறு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கூட்டம் கூட்டி, திரை போட்டு, மார்க் போட்டு நாங்கள் ஏழு வருடம் என்னத்தைப் பேசினோம்?

சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகத் தலைவரும் பல் டாக்டரும் இன்னும் இருவரும் வந்தார்கள். நால்வர் தோளிலும் கேமரா. ஒருவர் நடு மண்டபத்தில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, விளக்கின் முன்னால், அழுகிற ஒரு கிழவியை எடுக்கத் தொடங்கினார். தலைவர் மாலை போட்ட படத்தின் முன்னால் போய் நின்றார். கைகூப்பினார். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார், கூட்டத்தில் மார்க் போடும்போது சாய்ப்பாரே, அதே சாய்ப்பு.

"லைட்டிங் ரொம்ப ஃப்ளாட். யார் எடுத்தது? நம்மகிட்ட கேட்டிருக்கலாமே லா."

என்னிடம்தான் சொன்னார். நான் பதில் சொல்லத் தகுந்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதும் அது மறுநாள்தான் கிடைக்கும். ஆனால் அக்கா பக்கத்தில் தாம்பாளத்தோடு நின்றிருந்தார்.

"உங்ககிட்டதான் கேட்டேன், சார்," என்றார். "உங்ககிட்ட கால் இருந்துச்சு, முதுகு இருந்துச்சு. இவரு இல்ல."

தலைவர் ஏதோ புரிந்தது போலத் தலையாட்டினார். புரிந்திருக்காது. அக்கா அவருக்குத் திருநீறு கொடுத்தார், அவர் பூசிக்கொண்டார். பிறகு கேமராவைக் காட்டி, விளக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றால் ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்று அக்காவிடம் சொன்னார். அப்போது நான் அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் நின்றேன். சாப்பாட்டு மேசைப் பக்கம் கையைக் காட்டினேன். நால்வரும் சாப்பிட்டார்கள். பாயசம் இரண்டாம் முறை வாங்கினார்கள். போகும்போது மண்டபத்து ஜன்னல் வெளிச்சம் அருமை என்று பல் டாக்டர் சொல்லிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் குழுவிலிருந்து விலகினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டு அனுப்பினார். படத்தை ஹாலில் மாட்ட ஆணி அடிக்க வேண்டும். தொலைக்காட்சிக்கு மேலே வைக்கலாம் என்றேன், வெளிச்சம் சரியாக விழும் என்றேன். பழக்கம் போகவில்லை. வேண்டாம் என்றார். தான் உட்காருகிற நாற்காலிக்கு எதிரே, சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். அங்கே மத்தியானம் கண்ணாடியில் வெயில் பட்டுக் கூசும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. காங்கிரீட் சுவர், நாலு ஆணி வளைந்தது, ஐந்தாவது இறங்கியது.

மாட்டிவிட்டு இறங்கியதும் மைலோ கலந்து கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

"இன்னும் ரெண்டு வாரத்துல அவருக்கு முப்பதாம் நாள் படையல் போடுறேன். சாப்பிட வாங்க தம்பி," என்றார். சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது மேலும் சொன்னார். "கேமரா வேணாம்."

சரிக்கா என்றேன்.